நைனிதால்: ஏரியைக் காப்பாற்றும் வாய்க்கால்கள்

மலை ஊர்களின் வரலாற்றைப் பேசுகிற வரிசையில் இன்னைக்கு நாம பார்க்கப்போறது நைனிதால். உத்தராகண்டில், குமாவுன் மலைப்பகுதியில், ஏறக்குறைய 1,940 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஓர் ஏரி. அதைச் சுற்றிச் செங்குத்தாக எழும் மலைகள். அந்தச் சரிவுகளில் தொற்றிக்கொண்டு நிற்கிற ஊர்.

மே, ஜூனில் போனால் ஊர் முழுக்க வண்டியும் ஹாரனும்தான். நான் போனது ஜனவரியில். பாதிக் கடைகள் சாத்தியிருந்தன. படகுகளைக் கரையில் வரிசையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். ஏரியின் தென்கோடி தல்லிதால், அதாவது கீழ் ஏரி. வடகோடி மல்லிதால், மேல் ஏரி. இரண்டுக்கும் நடுவில் மால் ரோடு. ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை, ஆற அமர நடந்துவிடலாம். இந்த ஊரைப் புரிந்துகொள்ள அந்த நடை போதும்.

'தால்' என்றால் ஏரி. நைனா தேவியின் ஏரி, அதனால் நைனிதால். சதிதேவியின் கண் விழுந்த இடம் இது என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. ஸ்கந்த புராணத்தின் மானஸகண்டம் இதை மூன்று ரிஷிகளின் ஏரி என்கிறது. அத்ரி, புலஸ்தியர், புலஹர் மூவரும் தாகத்துக்காகத் தோண்டிய குழி, மானசரோவர் நீரால் நிறைந்தது என்பது கதை. ஊர் உருவாவதற்கு முன்னால் இங்கே நிரந்தரக் குடியிருப்பு கிடையாது. சுற்றுவட்டார மக்கள் வருஷா வருஷம் தேவியைக் கும்பிட வருவார்கள், திரும்பிப் போய்விடுவார்கள்.

வெள்ளைக்காரர்களுக்கு இந்த இடத்தை யாரும் சுலபமாகக் காட்டிவிடவில்லை. குமாவுனின் கமிஷனராக இருந்த ஜார்ஜ் வில்லியம் டிரெய்ல் இந்த ஏரியை அறிந்தவர். மக்கள் இதைப் புனிதமாக நினைக்கிறார்கள் என்பதால் வெளியே சொல்லாமல் இருந்துவிட்டார் என்பார்கள். அவருக்குப் பிறகு வந்தவர் பாரன். ஷாஜகான்பூர் பக்கம் சர்க்கரை வியாபாரம் செய்தவர். 1841-இல் இங்கே வந்தார். 'யாத்ரீகன்' என்ற புனைபெயரில் எழுதினார். அவர் எழுதியதில் இரண்டு சம்பவங்களைக் கட்டாயம் சொல்லணும்.

முதலாவது, வழிகாட்டி கதை. உள்ளூர்க்காரர் ஒருவர், அப்படி ஓர் ஏரியே எனக்குத் தெரியாது என்று சாதிக்கிறார். பாரன் ஒரு பெரிய கல்லைத் தூக்கி அவர் தலையில் வைக்கச் சொல்கிறார். "நைனிதாலில் கல்லே கிடையாதாம், வீடு கட்ட வேணும், அதுவரைக்கும் சுமந்துக்கிட்டு வா" என்கிறார். கொஞ்ச தூரம் போனதும் பாரம் தாங்காமல் அந்த மனிதர், அங்கே கல்லுக்கு என்ன பஞ்சம் என்று சொல்லி மாட்டிக்கொள்கிறார்.

இரண்டாவது, நர் சிங் கதை. மலையும் ஏரியும் எங்களுடையது என்று உரிமை கோரியவர் அவர். பாரன் அவரைப் படகில் ஏற்றி ஏரியின் நடுவே கொண்டுபோகிறார். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிக் கொடு, இல்லையென்றால் தண்ணீரில் விட்டுவிடுவேன் என்கிறார். நீச்சல் தெரியாத மனிதர் என்ன செய்வார்? எழுதிக் கொடுத்தார். பின்னால் அதே ஊருக்கு அவரைப் பட்வாரியாக, நம்ம வழக்கில் சொன்னால் கணக்குப்பிள்ளையாக, வேலைக்கு வைத்தார்கள்.

பாரன் இதையெல்லாம் வேடிக்கையாகத்தான் எழுதுகிறார். வாசித்தவர்களும் சிரித்திருப்பார்கள். ஆனால் கதையைத் திருப்பிப் பாருங்க. ஒரு மனிதர் தலையில் கல்லோடு நடக்கிறார். இன்னொருவர் நடு ஏரியில் உயிர்ப் பயத்தோடு உட்கார்ந்து எழுதுகிறார். இந்த ஊரின் முதல் பத்திரம் அப்படித்தான் பிறந்தது.

அதன்பிறகு ஊர் வேகமாக வளர்ந்தது. பங்களாக்கள், தேவாலயங்கள், பள்ளிகள், ஓட்டல்கள் வந்தன. மாகாணத்தின் கோடைத் தலைநகரமும் ஆனது. கட்டடம் வேணும் என்றால் சரிவை வெட்டணும், மரத்தை எடுக்கணும். இந்த மலையோ உறுதியான பாறை இல்லை. பெரும்பகுதி சிதைந்த களிப்பாறை. மழைநீர் உள்ளே இறங்கினால் அடுக்கு அடுக்காக வழுக்கும். 1860-களிலேயே ஆல்மா குன்றில் சரிவுகள் ஏற்பட்டன. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1880 செப்டம்பர் 18, சனிக்கிழமை. அதற்கு முன் இரண்டு நாளாக விடாத மழை. காலையில் விக்டோரியா ஓட்டலுக்குப் பின்னால் மலையின் ஒரு பகுதி சரிந்து சிலரைப் புதைத்தது. அவர்களைத் தோண்டி எடுக்கச் சிப்பாய்களும் அதிகாரிகளும் தொழிலாளர்களும் போனார்கள். மதியம் பெரிய சரிவு வந்தது. ஓட்டல், கீழே இருந்த கடை, ஏரிக்கரை மண்டபம், நைனா தேவி கோயில் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு மண் ஏரிக்குள் இறங்கியது. இறந்தவர்கள் 151 பேர். அதில் 43 பேர் ஐரோப்பியர். 108 பேர் இந்தியர். காப்பாற்றப் போனவர்களில் பலர் திரும்பவில்லை. செயின்ட் ஜான் தேவாலயத்தில் நினைவுப் பித்தளைத் தகடு இருக்கிறது. அந்த 108 பேரோ, சொல்லப்படுகிற கதைகளில் பெரும்பாலும் ஓர் எண்ணாக மட்டுமே நம்மிடம் வந்து சேர்கிறார்கள்.

இன்னைக்கு மல்லிதாலில் பிள்ளைகள் கிரிக்கெட், கால்பந்து விளையாடுகிற 'ஃபிளாட்ஸ்' மைதானம் இருக்கில்லையா, அன்றைக்கு விழுந்த மண்ணால்தான் அது இவ்வளவு விரிந்தது. கோயிலை 1883-இல் ஏரிக்கரையில் மறுபடி கட்டினார்கள். ஜிம் கார்பெட் அப்போது ஐந்து வயதுப் பையன். சரிவுக்குப் பிறகு அவர் குடும்பம் எதிர்ப்பக்கம் இருக்கிற ஆயர்பாட்டா மலையில் வீடு கட்டிக்கொண்டது.

பேரழிவுக்குப் பிறகுதான் பாடம் படித்தார்கள். மழைநீர் மலைக்குள் இறங்கக்கூடாது, விழுந்த வேகத்தில் ஏரிக்குப் போய்விடணும். அதற்காகச் சரிவு முழுக்கக் கல் பதித்த வாய்க்கால்கள் கட்டினார்கள். ஏரியில் வந்து சேர்பவை மட்டும் அறுபதுக்கு மேல். கிளைகளையும் சேர்த்தால் அது மலைக்குள் ஓடுகிற நரம்பு மாதிரி. சுற்றுலாப் பயணிகள் ஏரியைப் படமெடுப்பார்கள்; நான் ஒரு பகல் முழுக்க இந்த வாய்க்கால்களைத்தான் பார்த்துக்கொண்டு ஏறினேன். நேர்த்தியான வேலை. ஆனால் சில இடத்தில் உள்ளே பிளாஸ்டிக் கவர், கட்டடக் கழிவு. சில இடத்தில் கான்கிரீட் சுவர் வாய்க்காலின் விளிம்பிலேயே நிற்கிறது.

இதில் என்ன ஆபத்து என்றால், ஊருக்குக் குடிநீர் தருவதும் இதே ஏரிதான். வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் மலைக்குள் இறங்கும்; அடைக்காமல் குப்பையோடு ஓடினால் ஏரிக்குள் போகும். பக்கத்தில் சூகாதால் என்று ஒன்று உண்டு. பெயருக்கே காய்ந்த ஏரி என்று பொருள். மழையில் நிரம்பி, நிலத்தடி வழியாகப் பெரிய ஏரிக்கு ஊற்றாகப் போகிற பள்ளம் அது. அதிலும் கட்டுமானம் நெருங்கிவிட்டது. 2017 கோடையில் ஏரி சுருங்கிக் கரையோரம் சேற்றுமேடு தெரிந்தது. 2018 ஆகஸ்டில் கீழ் மால் ரோட்டின் ஒரு பகுதி இடிந்து ஏரிக்குள் விழுந்தது.

கல் சுமந்த அந்த வழிகாட்டியும் நர் சிங்கும் இந்த இடத்தை மறைத்து வைக்கப் பார்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவர்களுக்கு இது வந்து கும்பிட்டுவிட்டுப் போகிற இடம், குடியேறுகிற இடம் இல்லை. இனி அந்த நிலைக்குத் திரும்ப முடியாது. ஆனால் 1880-க்குப் பிறகு கட்டிய வாய்க்காலைச் சுத்தமாக வைத்திருக்க முடியும். நீங்க நைனிதால் போனால் படகில் ஏறுங்க, மோமோஸ் சாப்பிடுங்க, தப்பே இல்லை. ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஏதாவது ஒரு வாய்க்காலைப் பிடித்து மேலே ஏறிப் பாருங்க. ஊர் எதன்மேல் நிற்கிறது என்பது அங்கே தெரியும்.