கறுப்பு வெள்ளைக்குள் கிடந்த கலர்

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலராக்கி யாராவது போட்டால் நாங்கள் சந்தேகத்தோடதான் பார்ப்போம். சும்மா கற்பனையில பூசின கலர்தானே எண்டு. ஆனால் சில பழைய பிபிசி நிகழ்ச்சிகளின் கதை வேறு. அவற்றின் கலர் படத்துக்குள்ளேயே கிடந்தது.

அமெரிக்காவில் 1953 டிசம்பரில் புதிய கலர் ஒளிபரப்பு முறைக்கு அனுமதி கிடைத்தது. வீடுகளில் ஏற்கெனவே இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளிலும் அது தெரியவேணும். அதனால் வெளிச்சத் தகவலைப் பழையபடியே அனுப்பி, கலரை ஒரு நுண்ணிய அலையாக அதோடு சேர்த்தார்கள். அலையின் உயரம் நிறத்தின் அடர்த்தியைச் சொல்லும். அலை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது என்ன நிறம் எண்டதைச் சொல்லும். ஜெர்மனியில் வால்டர் புரூஹ் உருவாக்கிய, பிறகு இலங்கைக்கும் வந்த 'பால்' முறைக்கும் இதுதான் அடிப்படை. கறுப்பு வெள்ளைத் திரையில் அந்த அலை பொடிப் புள்ளிகளாகத் தெரியும்.

பிபிசி 2 கலருக்கு மாறியது 1967 ஜூலையில். வீடியோ நாடா விலை கூட. அதனால் பல நிகழ்ச்சிகளை அழித்துவிட்டு, அதே நாடாவில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தார்கள். சிலவற்றுக்கு மிஞ்சியது, வெளிநாட்டு விற்பனைக்காகத் திரையைப் படம்பிடித்து எடுத்த கறுப்பு வெள்ளைப் பிலிம் மட்டுமே. படம்பிடிக்கும்போது புள்ளிகளை வடிகட்டியிருக்கவேணும். பல தடவை அதைச் செய்யவில்லை. புள்ளிகளும் பிலிமில் பதிந்துபோயின.

பல வருடங்களுக்குப் பிறகு ஒரு சிறு குழு அந்தப் புள்ளிகளை வாசிக்க முயன்றது. ரிச்சர்ட் ரஸ்ஸல் அதற்கு மென்பொருள் எழுதினார். லேசான வேலையில்லை. நிறத்தைக் கணக்கிடத் தேவையான ஒப்பீட்டுச் சமிக்ஞை படத்துக்கு வெளியே இருப்பதால் பிலிமில் அது இல்லை. படமும் வளைந்து நெளிந்திருக்கும். எண்டாலும், 1969இல் வந்த 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் ஒரு பகுதி 2008 டிசம்பரில் மறுபடி கலரில் ஒளிபரப்பானது.

எல்லாம் மீளவில்லை. 1971இல் வந்த 'டாக்டர் ஹூ'வின் 'த மைண்ட் ஒஃப் ஈவில்' கதையில் முதல் பகுதிக்குப் போதிய புள்ளிகள் இல்லை. அதற்குக் கையால்தான் கலர் பூசினார்கள். ஒரே கதையில் சாட்சியும் இருக்கு, ஊகமும் இருக்கு. எது எது எண்டு பார்க்கிறவருக்குச் சொல்லவேணும்.

எங்களுக்கும் இதில ஒரு பாடம் இருக்கு. பழைய பத்திரிகை, கடிதம், படம் எண்டு ஸ்கான் பண்ணும்போது கறை, கோடு, புள்ளியை முதலில் 'கிளீன்' பண்ணத்தான் கை போகும். கிளீன் பண்ணுங்கோ, ஆனால் பிரதியில் மட்டும். முதல் ஸ்கானை அப்படியே வையுங்கோ. இன்றைக்கு எங்களுக்கு அழுக்காத் தெரிவதை நாளைக்கு ஒருவர் வாசிக்கக்கூடும்.