நெல்லினங்களின் தத்தி எதிர்ப்பு மதிப்பீடு
கபில நிறத் தத்தி என்னும் பூச்சியின் தாக்குதலுக்கு நெல்லினங்கள் எந்தளவு ஈடுகொடுக்கும் என அளந்து தரப்படுத்தும் பயிராய்வு முறை. பூச்சி விரும்பாமை, பூச்சியின் வளர்ச்சியைக் குன்றச் செய்தல், சேதத்தைத் தாங்குதல் என எதிர்ப்பு மூவகைப்படும். நாற்றுத் தட்டில் சோதனை இனங்களுடன், எளிதில் பாதிக்கப்படும் டி.என்.1, எதிர்ப்புள்ள பட்டாம்பி 33 ஆகிய ஒப்பீட்டு இனங்களையும் வரிசையாக விதைத்து, சுமார் 7 நாள் நாற்றில் இளந்தத்திகளை விடுவர். டி.என்.1 கருகி மடியும் வேளையில் ஏனைய வரிசைகளுக்கு 0 (சேதமில்லை) முதல் 9 (முற்றாக மடிவு) வரை புள்ளியிடப்படும். இச்சோதனை நாற்றுப் பருவ எதிர்ப்பை மட்டுமே காட்டுவதால் வயற்சோதனை தவிர்க்க முடியாதது. பிலிப்பைன்ஸில் 1973இல் வெளியான, தத்தி எதிர்ப்புள்ள நெல்லினமான ஐ.ஆர்.26, புதிய தத்தி வகை தோன்றியதால் சில ஆண்டுகளிலேயே எதிர்ப்பை இழந்தது. இலங்கையின் பாரம்பரிய இனங்களான ரத்து ஹீனட்டியும் பாபவீயும் முறையே பி.பி.எச்.3, பி.பி.எச்.4 எதிர்ப்பு மரபணுக்களின் மூலங்களாகும்.