எருசலேமிலிருந்து தமிழுக்கு வந்த யூத மாணவர்

எபிரேயத் திருமறையில் அரசர்களைப் பற்றிய நூல் ஒன்று உண்டு. சாலமோன் மன்னனின் கப்பல்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கொண்டுவந்த பொருள்களை அந்நூல் வரிசைப்படுத்திக் கூறுகிறது. பொன், வெள்ளி, யானைத் தந்தம், குரங்கு ஆகியவற்றை அடுத்துத் 'துக்கியீம்' என்னும் சொல் வருகிறது. மயில்கள் என்பதே அதற்குப் பலரும் கொண்ட பொருள். அதன் ஒருமை 'துக்கி'. இது தமிழின் 'தோகை' என்னும் சொல்லே என்று கால்டுவெல் பாதிரியார், 1856இல் முதற்பதிப்புக் கண்ட தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துக்காட்டினார்.

தமிழ்ச் சொல் ஒன்று கடல் கடந்து எருசலேம் சென்றது பழைய வரலாறு. எருசலேமிலிருந்து ஒரு மாணவர் தமிழைத் தேடிப் புறப்பட்டது இருபதாம் நூற்றாண்டின் வரலாறு. அவர் பெயர் டேவிட் ஷுல்மன். அவர் பயணத்திற்கு வழி வகுத்த முயற்சிகளில் கோலாலம்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ் பயில விரும்பும் அயலார்க்கு எது தேவை, தமிழர் அதற்குச் செய்யத்தக்கது யாது என்பவற்றை அவருடைய மாணவப் பருவம் தெளிவாகக் காட்டுகிறது.

வழிகாட்டிய முன்னவர்

ஷுல்மனுக்கு முன் மற்றொரு யூத மாணவரை அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஹயிம் ராபின் 1915இல் ஜெர்மனியில் கீசன் நகரில் பிறந்தவர். 1933இல் அவர் பள்ளிப் படிப்பை முடித்தபோது ஹிட்லர் ஆட்சிக்கு வந்திருந்தார். யூத இளைஞருக்கு ஜெர்மானியப் பல்கலைக் கழகங்களின் கதவுகள் அடைபடத் தொடங்கிய காலம் அது. ராபின் எருசலேம் சென்று, அங்குள்ள எபிரேயப் பல்கலைக் கழகத்தில் ஓராண்டு பயின்றார். பின்னர் இங்கிலாந்து சேர்ந்தார். இலண்டனிலுள்ள கீழ்த்திசை, ஆப்பிரிக்கக் கல்விக் கழகத்தில் பழைய அரபுக் கிளைமொழிகளை ஆராய்ந்து 1939இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆக்ஸ்போர்டில் கற்பித்து, 1956இல் எருசலேமுக்குத் திரும்பி எபிரேய மொழித்துறையில் பணி ஏற்றார்.

எபிரேயத்தில் கலந்த அயற்சொற்களை ஆராய்ந்த ராபின், கால்டுவெல் காட்டிய வழியில் மேலும் சென்றார். கி.மு. முதல் ஆயிரத்தாண்டில் தமிழகத்திற்கும் பாலஸ்தீன நாட்டிற்கும் இடையே வாணிகம் நடந்ததற்குச் சொற்கள் சான்று கூறுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். சாலமோனின் உன்னதப்பாட்டையும் தமிழ் அகப்பாடல்களையும் ஒப்பிட்டு 1973இல் மற்றொரு கட்டுரை வெளியிட்டார். இரண்டிலும் காதலைப் பெண்ணே வாய்விட்டுரைக்கிறாள், பிரிவுக்கு ஏங்குகிறாள். இவ்வொற்றுமை தொடர்பினால் வந்ததா, மனித இயல்பினால் வந்ததா என்பதில் அறிஞரிடையே உடன்பாடு இல்லை. ஆயினும் எருசலேமில் தமிழின் பெயர் மாணவர் செவியில் விழுந்ததற்கு ராபினின் ஆர்வம் ஒரு காரணமாயிற்று.

கோலாலம்பூர் திறந்த அரங்கு

ராபினின் வாணிகக் கட்டுரை எங்கே வெளியாயிற்று? உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைத் தொகுதியில் வெளியாயிற்று. 1964 சனவரியில் தில்லியில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. அதற்கு உயிர் கொடுத்தவர்களுள் தலையாயவர் தனிநாயகம் அடிகளார். ஈழத்திற் பிறந்து, உரோமாபுரியிலும் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்திலும் இலண்டனிலும் மாணவராக இருந்து கற்றவர் அவர். 1961இல் மலாயாப் பல்கலைக் கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமையை ஏற்றுக் கோலாலம்பூர் வந்தார். மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலேயே கூடியது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கி வைத்தார்.

தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பிரெஞ்சு, செக், ஆங்கில அறிஞர் பலர் தமிழர்களோடு சேர்ந்து நடத்திய மன்றம் அது. இரண்டாம் மாநாடு 1968 சனவரியில் சென்னையில் நடைபெற்றது. அதன் கட்டுரைத் தொகுதி 1971இல் வெளிவந்தபோது ராபினின் கட்டுரை அதில் இடம்பெற்றது. தொகுதியின் பதிப்பாசிரியர் ஆர். ஈ. ஆஷர், முன்னர் இலண்டன் கல்விக் கழகத்தில் பணியாற்றியவர். மலேசியாவுக்கும் இஸ்ரேலுக்கும் தூதரக உறவு இருந்ததில்லை. ஆயினும் கோலாலம்பூரில் தொடங்கிய மாநாட்டு வரிசையில் எருசலேம் பேராசிரியரின் ஆராய்ச்சிக்கும் இடம் கிடைத்தது.

அயோவாவிலிருந்து இலண்டன் வரை

டேவிட் ஷுல்மன் 1949இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வாட்டர்லூ நகரில் பிறந்தார். 1967இல் பதினெட்டு வயதில் இஸ்ரேலில் குடியேறி எபிரேயப் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பாடம் இஸ்லாமிய வரலாறு. சிறப்பாகப் பயின்றது அரபு மொழி. 1971இல் இளங்கலைப் பட்டம் பெற்ற வேளையில் அவர் மனம் இந்தியாவின்பால் திரும்பியிருந்தது. அம்மாற்றத்திற்குத் துணை நின்றவர்களுள் ராபின் ஒருவர்.

1972இல் ஷுல்மன் இலண்டன் சென்றார். சேர்ந்த இடம், ராபின் முப்பது ஆண்டுகளுக்கு முன் பட்டம் பெற்ற அதே கல்விக் கழகம். அங்கே தமிழ் கற்பித்தவர் ஜான் மார். எட்டுத்தொகை நூல்களை ஆராய்ந்து 1958இல் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். கருநாடக இசையிலும் தோய்ந்தவர். பிற்காலத்தில், 2009இல், இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதைப் பெற்றவர். அரபு கற்று வந்த மாணவர், இத்தகைய ஓர் ஆசிரியரிடம் தமிழையும், அதனுடன் வடமொழியையும் பயின்றார். எருசலேமில் எழுந்த ஆர்வம் இலண்டனில் புலமையாக வளர்ந்ததற்குக் காரணம், அங்கே தமிழுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு நூலகமும் முன்னரே ஆயத்தமாக இருந்ததுதான். அவ்விரண்டும் இல்லையெனில் அந்த ஆர்வம் ஆர்வமாகவே நின்றிருக்கும்.

தமிழர் ஒதுக்கிய நூல்கள்

ஆராய்ச்சிக்கு ஷுல்மன் தேர்ந்த பொருள் சைவத் தலபுராணம். சங்க இலக்கியத்தின் புகழ் ஓங்கியிருந்த காலத்தில் தலபுராணங்களைத் தமிழறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. பிற்காலத்துச் செயற்கைச் செய்யுள் என்றும், நம்பத்தகாத கதை என்றும் அவை ஒதுக்கப்பட்டன. ஆனால் ஒவ்வோர் ஊர்க் கோயிலும் தன் கதையை அந்நூல்களில்தான் சேமித்து வைத்திருக்கிறது. பரஞ்சோதி முனிவர் மதுரைக்குப் பாடினார், சிவஞான முனிவர் காஞ்சிக்குப் பாடினார், உ. வே. சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர்தோறும் சென்று பல தலபுராணங்களை இயற்றினார். எருசலேம் மாணவர் இவற்றைத் தொகுத்துப் படித்தார். தமிழ்நாட்டிற்கு வந்து தங்கிக் கள ஆய்வும் செய்தார். இந்தியாவும் இஸ்ரேலும் முழுமையான தூதரக உறவு கொண்டது 1992இல்தான். இவர் தமிழகம் வந்ததோ அதற்குப் பல்லாண்டு முன்னர்.

1976இல் பட்டம் பெற்ற அவ்வாய்வு, விரிவாக்கம் பெற்று 1980இல் தமிழ்க் கோயிற் கதைகள் பற்றிய நூலாகப் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தின் வழி வெளிவந்தது. ஊழி வெள்ளக் கதைகளையும் முச்சங்க வரலாற்றையும் இணைத்து அவர் எழுதிய கட்டுரை 1978இல் சென்னையில் வெளியாயிற்று.

வெள்ளக் கதை எபிரேயருக்கும் உரியது. நோவா பேழையில் ஏறித் தப்புகிறான். அவன் விட்டுச் சென்ற ஊர் அழிகிறது. சீகாழித் தலபுராணமோ வேறு விதமாகக் கூறுகிறது. ஊழி வெள்ளத்தில் இறைவன் அறுபத்துநான்கு கலைகளுடன் தோணியில் வருகிறான். சீகாழி மட்டும் மூழ்காமல் நிற்கிறது. அதனால் அவ்வூருக்குத் தோணிபுரம் என்று பெயர். குடந்தையிலும் அமுதக் குடம் வெள்ளத்தில் மிதந்து வந்து ஓரிடத்தில் தங்குகிறது. ஒரு கதையில் மனிதன் தப்புகிறான். மற்றதில் ஊரே தப்புகிறது. உலகம் அழிந்தாலும் தம் ஊர் அழியாது என்னும் துணிவுதான் தலபுராணத்தின் உயிர்நாடி. பொய்க்கதை என்று தள்ளப்பட்ட நூல்களில் தமிழர் மண்ணின்மீது கொண்ட பற்று இவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது.

பின்னர் எபிரேயப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியரான ஷுல்மன், சுந்தரமூர்த்தி நாயனார் தேவாரத்தை 1990இல் ஆங்கிலத்தில் தந்தார். தமிழின் வரலாற்றை ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாறு போல எழுதிய அவர் நூல் 2016இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இஸ்ரேலின் உயரிய அரசு விருதைப் பெற்றபோது, பரிசுத் தொகையைப் பாலஸ்தீனியருக்குத் துணைநிற்கும் 'தாயுஷ்' என்னும் அமைப்பிற்கு அளித்தார்.

கிள்ளான் பள்ளத்தாக்கின் கடமை

இவ்வரலாறு கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்கு ஒரு செய்தியை உரைக்கிறது. அயல்நாட்டு மாணவருக்கு இலண்டன் தந்த ஆசிரியரும் நூலகமும் இங்கேயும் உண்டு. மலாயாப் பல்கலைக் கழக இந்திய ஆய்வியல் துறை 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. அத்துறையில் தமிழே இடம்பெற வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார். தமிழ் நூல்கள் வாங்குவதற்காகத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று அவர் கேட்டார். எளிய மக்களும் மனமுவந்து கொடுத்தனர். தனிநாயகம் அடிகளார் வந்து தலைமை தாங்கியது இங்ஙனம் ஊன்றப்பட்ட துறைக்குத்தான். அத்துறை இன்று நிற்கும் லெம்பா பந்தாய், பிரிக்பீல்ட்சுக்கு அண்மையில் உள்ளது.

அந்தப் பிரிக்பீல்ட்சில், ஸ்காட் சாலையில், ஈழத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயில் உண்டு. கிள்ளானில் சுந்தரராஜப் பெருமாள் கோயில் உண்டு. தோட்டங்களில் தொழிலாளர் கட்டிய மாரியம்மன், முனியாண்டி கோயில்கள் எண்ணற்றவை. இவற்றைக் கட்டியவர்கள் சீகாழியைப் போல ஊரோடு தப்பியவர்கள் அல்லர். நோவாவைப் போல ஊரை விட்டுக் கப்பலேறியவர்கள். ஆயினும் இறங்கிய இடத்திலேயே தெய்வத்திற்கு ஓர் ஊரை உண்டாக்கினார்கள். அந்தத் தெய்வம் எங்கிருந்து வந்தது, பிடிமண்ணை யார் கொண்டுவந்தார், எந்த மரத்தடியில் முதல் விளக்கு ஏற்றப்பட்டது என்னும் கதைகளை இக்கோயில்களின் முதியோர் அறிவர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது பல கோயில்கள் இடம்பெயர்ந்தன, சில மறைந்தன. கதை அறிந்த முதியோரும் ஒவ்வொருவராகக் குறைந்து வருகின்றனர்.

இக்கதைகளைச் செய்யுளில் பாட மீனாட்சிசுந்தரம் பிள்ளைகள் இங்கே இல்லை. பாட வேண்டியதும் இல்லை. கேட்டு, ஒலிப்பதிவு செய்து, ஊரும் ஆண்டும் குறித்து எழுதி வைத்தாலே போதும். அயோவாவிற் பிறந்த மாணவர் எருசலேம், இலண்டன் வழியாகத் தமிழ்நாட்டுக் கோயிலடிக்கு வருவதற்குப் பல்லாண்டுகள் ஆயின. லெம்பா பந்தாயில் படிக்கும் தமிழ் மாணவர் கிள்ளான் கோயிலடிக்குச் செல்ல ஒரு மணி நேரம் போதும். ஒரு வெள்ளியாகச் சேர்ந்த பணத்தில் வாங்கிய நூல்களை அவர்கள் படிக்கிறார்கள். அந்த நூல்களுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க ஒரு நூலைத் தங்கள் ஊரிலிருந்து எழுதித் தருவதே அந்தக் கொடைக்குச் செய்யும் கைம்மாறு.