அம்பர்நாத் ஃபாஸ்ட்டும் மான்குர்து லிஃப்ட்டும்



காலையில் அம்பர்நாத்தில் லோக்கல் பிடிக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. நம்ம ஸ்டேஷனிலேயே கிளம்புகிற வண்டி என்றால் ஜன்னலோரம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. கர்ஜத்திலிருந்தோ பத்லாப்பூரிலிருந்தோ வருகிற வண்டி என்றால் கம்பிதான் கதி. சி.எஸ்.எம்.டி. வரைக்கும் அறுபது கிலோமீட்டர். இருபது வருடத்துக்கு மேல் இந்தக் கணக்கிலேயே ஓடிவிட்டது. அந்தத் தண்டவாளம் எப்படி வந்தது, யார் காசில் வந்தது என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர் ஒரு அண்ணாச்சி.

2012 வாக்கில் எங்கள் கிளைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். மான்குர்து பக்கம் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் ஹவுசிங் சொசைட்டி பொருளாளர். கையில் ஒரு டெபாசிட் ரசீது. வீட்டுக்கு 20,000 ரூபாய் வீதம் பராமரிப்புக்கென்று சொசைட்டி பெயரில் போட்டிருந்த பணம்.

"தம்பி, இந்த வட்டியில லிஃப்ட்டு கரண்ட் பில்லு கட்டிர முடியுமா?" என்றார்.

கால்குலேட்டர்கூட வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு வட்டி ஒன்பது சதவீதம். வருடத்துக்கு 1,800, மாதத்துக்கு 150 ரூபாய். அதில்தான் லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, குப்பை எல்லாம். (இன்றைக்கு ஆறரை சதவீதம் என்று வைத்தால் 108 ரூபாய். சரி, அதை விடுங்கள்.) "கஷ்டம் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, நான் எங்கே குடியிருக்கிறேன் என்று கேட்டார். அம்பர்நாத் என்றதும் சொன்னார்: "அப்பிடியா... இப்ப உங்க ரயிலு போற எடத்துலதான் எங்க அடுப்படி இருந்துச்சு."

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். நம்மவர்களில் பாதிப்பேர் இந்தக் கதையின் ஒரு பக்கத்திலும் மீதிப்பேர் மறுபக்கத்திலும் இருக்கிறோம் என்பதால்.

முதலில் ஒரு விஷயம். மும்பையைச் சுற்றி எதையும் ஒரே ஆபீஸ் கட்டுவதில்லை. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ல் அம்பர்நாத்தைக் கல்யாண் மாநகராட்சியோடு சேர்த்தார்கள். 1992-ல் மறுபடி பிரித்துத் தனி நகராட்சி ஆக்கினார்கள். தெரு நகராட்சியுடையது, தொழிற்பேட்டை எம்.ஐ.டி.சி.யுடையது, குடிதண்ணீர் மகாராஷ்டிர ஜீவன் பிராதிகரணுடையது, ரயில் டெல்லியுடையது, இத்தனைக்கும் மேலே வட்டாரத் திட்டத்துக்கு எம்.எம்.ஆர்.டி.ஏ. குழாய் உடைந்தால் எங்கே போய்ப் புகார் கொடுப்பது என்பதே ஒரு தனிப் படிப்பு.

இந்த ஆபீஸ்கள் சேர்ந்தால் என்ன ஆகும், சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தண்டவாளக் குடிசைகளை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. குர்லா, காட்கோபர், விக்ரோலி, ஹார்பர் லைனில் வடாலா, மான்குர்து என்று எங்கே பார்த்தாலும் தண்டவாளத்தை ஒட்டி வீடுகள். வேலை பக்கத்தில், வாடகை கிடையாது, ஆபத்து மட்டும் வாசலில். நிலம் ரயில்வேயுடையது. அதனால் மாநில அரசோ மாநகராட்சியோ குழாயும் கழிப்பறையும் போட ரயில்வே சம்மதம் வேண்டும். ரயில்வே கொடுக்காது, கொடுத்தால் குடியிருப்பை அங்கீகரித்த மாதிரி ஆகிவிடுமே! காலி பண்ணச் சொன்னால் மாற்று வீடு யார் கொடுப்பது? வீடு கொடுப்பது எங்கள் வேலை இல்லை, மாநிலத்தின் வேலை என்றது ரயில்வே. நிலம் உங்களுடையது, பணமும் நீங்களே கொடுங்கள் என்றது மாநிலம். இப்படியே வருடங்கள் போயின. குடிசை நெருங்கிய இடங்களில் மணிக்கு 15 கிலோமீட்டருக்கு மேல் வண்டியை ஓட்டக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கல்யாண், அம்பர்நாத் ஆட்கள் தினமும் தாமதமாக ஆபீஸ் போனார்கள். இரண்டு ஆபீஸுக்கு நடுவில் கிடந்த கோப்பின் விலையை ரயிலுக்குள் இருந்தவனும் கொடுத்தான், வெளியே இருந்தவனும் கொடுத்தான்.

இங்கே ஒரு தமிழரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1960களில் பம்பாய் வந்தவர். செம்பூரைத் தாண்டி ட்ராம்பே பக்கம் ஜனதா காலனியில் குடியிருந்தார். அந்த நிலம் அணுசக்தி ஆராய்ச்சி மையத்துக்கு வேண்டும் என்று சொல்லி, எமர்ஜென்சி காலத்தில், 1976-ல் சுமார் 70,000 பேர் இருந்த காலனியை இடித்து, ஜனங்களைச் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பினார்கள். இன்றைக்கும் சீட்டா கேம்ப் போனால் தெருவுக்குத் தெரு தமிழ் கேட்கும். நீதிமன்றம், போராட்டம், டெல்லி வரை நடை என்று எல்லாம் பார்த்துத் தோற்ற மனிதர் அதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொண்டார். அரசாங்கத்திடம் போவதற்கு முன்னால் நம்மை நாமே எண்ணிக்கொள்ள வேண்டும்.

தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு, ஷீலா பட்டேலின் ஸ்பார்க், பெண்களின் சேமிப்புக் குழுவான மகிளா மிலன் மூன்றும் சேர்ந்துகொண்டன. 1980களின் கடைசியில் தண்டவாளக் குடிசைகளைக் கணக்கெடுத்தபோது சுமார் 18,000 குடும்பங்கள் வந்தன. எந்தக் குடிசை, எத்தனை பேர், தண்டவாளத்திலிருந்து எத்தனை அடி என்று பட்டியல். வங்கிக்காரனாகச் சொல்கிறேன், கடன் கேட்டு வருகிறவன் சரியான லெட்ஜரோடு வந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியை உலக வங்கி முடித்து வைத்தது. மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டத்துக்கு (எம்.யு.டி.பி.) கடன் வேண்டுமென்றால், அகற்றப்படுகிறவர்களுக்கு ஒழுங்கான மறுகுடியமர்வுக் கொள்கை வேண்டும் என்று நிபந்தனை. டி.எம்.சுக்தன்கர் தலைமையில் 1995-ல் ஒரு குழு போட்டார்கள். 1997-ல் மகாராஷ்டிர அரசு கொள்கையை ஏற்றது. குடும்பத்துக்கு 225 சதுர அடி வீடு, இலவசமாக. 1998-ல் குர்லா-தாணே ஐந்தாவது, ஆறாவது தண்டவாளத்துக்காக சுமார் 900 குடும்பங்கள் காஞ்சூர்மார்க்குக்குப் போனார்கள். போலீஸ் இல்லாமல், தங்கள் குடிசையைத் தாங்களே பிரித்துவிட்டு.

அடுத்த வருடம், 1999 ஜூலையில், மும்பை ரயில் விகாஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. ரயில்வே அமைச்சகம் 51, மகாராஷ்டிரம் 49. திட்டச் செலவு பாதிக்குப் பாதி. நம்ம பி.காம். பாடத்தில் ஜாயின்ட் வெஞ்சர் கணக்கு வருமே, அதேதான். தண்டவாளம் போடுவது ரயில்வே, ஜனங்களுக்கு வீடு கொடுப்பது மாநிலத்தின் சார்பில் எம்.எம்.ஆர்.டி.ஏ. "உன் வேலை, என் வேலை" என்று அதுவரை நடந்த சண்டைக்குக் காகிதத்தில் ஒரு கோடு போட்டார்கள்.

அப்படியும் இடறியது. 2000 பிப்ரவரியில் ஹார்பர் லைனில் சுமார் 2,000 குடிசைகளை ரயில்வே தரப்பு இடித்துவிட்டது. ஒரு கை எழுதியது இன்னொரு கைக்குத் தெரியாத கதை. எதிர்ப்பு கிளம்பியதும் நின்றது. அதன் பிறகு இரண்டு வருடத்துக்குள் சுமார் 60,000 பேர், பலவந்தம் இல்லாமல் இடம் மாறினார்கள். ஜோக்கினுக்கு 2000-ல் மகசேசே விருது கிடைத்தது. 2018-ல் காலமானார்.

2002 ஜூனில் உலக வங்கி 54.2 கோடி டாலருக்கு ஒப்புதல் கொடுத்தது. அது போக, நம்ம டிக்கெட்டிலும் மாதப் பாஸிலும் எம்.யு.டி.பி. சர்சார்ஜ் என்று ஒரு தொகை சேர்ந்தது. நாமும் ஒரு சின்னப் பங்குதாரர் என்று மார் தட்டிக்கொள்ளலாம் :-)

ஆனால் சாலைப் பக்கம் கதை வேறு. இதே திட்டத்தில் சாந்தாக்ரூஸ்-செம்பூர் இணைப்புச் சாலையும் இருந்தது. குர்லாவில் கடை வைத்திருந்தவர்கள், 225 சதுர அடியில் எங்கள் வியாபாரத்தை எங்கே வைப்பது என்று 2004-ல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடமே புகார் கொண்டுபோனார்கள். குழு விசாரித்தது. 2006 மார்ச் 1-ம் தேதி சாலைக்கும் மறுகுடியமர்வுக்கும் வர வேண்டிய பணத்தை வங்கி நிறுத்திவைத்தது. ஜூன் கடைசியில்தான் விட்டது. அந்தச் சாலை திறந்தது 2014 ஏப்ரலில். செம்பூர்க்காரர்கள் அந்தத் தூண்களைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளைப் பெற்று, பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள்.

சரி, அண்ணாச்சி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு லட்சம் பேருக்கு மேல் வீடு கொடுக்க அரசிடம் ரொக்கம் ஏது? டி.டி.ஆர். என்று ஒரு வழி. பில்டர் தன் நிலத்தில் வீடுகளைக் கட்டி அரசிடம் ஒப்படைப்பார். பதிலுக்கு நகரத்தில் வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமை. அதை விற்றும் காசாக்கலாம். ரொக்கம் கைமாறாமல் வீடு வந்துவிடும். கணக்கு கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் பில்டர் நிலம் எங்கே மலிவோ அங்கேதானே கட்டுவார்? மான்குர்து, கோவண்டி, வாஷி நாக்கா. தேவ்னார் குப்பை மேட்டின் காற்று வீசுகிற பக்கம். லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் போன்ற இடங்களில் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி மூன்று மீட்டர். கீழ் மாடிகளில் பகலிலும் விளக்கு வேண்டும். 2018-ல் வெளிவந்த 'டாக்டர்ஸ் ஃபார் யூ' ஆய்வு, அங்கே காசநோய் பரவியதையும் வெளிச்சம், காற்று இல்லாததையும் முடிச்சுப் போட்டுக் காட்டியது.

தண்டவாளத்துக்குப் பணம் யார், வீட்டுக்குப் பணம் யார் என்று கோடு போட்ட அந்தக் காகிதத்தில், பத்து வருடம் கழித்து லிஃப்ட் ரிப்பேருக்குப் பணம் யார் என்று ஒரு வரி தெளிவாக இல்லை. சாவியைக் கொடுத்த ஆபீஸுக்கு வேலை முடிந்தது. மிச்சம் சொசைட்டி, அந்த 150 ரூபாய். குடிசையில் இருந்தபோது மின்சாரமே கள்ள இணைப்பு. இங்கே மீட்டர் ஓடுகிறது. வீடு இலவசம்தான், அதில் குடியிருப்பது இலவசம் இல்லை.

அதற்காக இந்தக் கூட்டுக் கணக்கே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அண்ணாச்சியும் சொல்லவில்லை. "பிள்ளைங்க தண்டவாளத்தத் தாண்டாம பள்ளிக்கூடம் போச்சு, அது போதும்" என்றுதான் சொன்னார். தாணே-திவா ஐந்து, ஆறாவது தண்டவாளம் 2022 பிப்ரவரியில் திறந்தது. எங்கள் பக்கம் கல்யாண்-பத்லாப்பூர் மூன்று, நான்காவது தண்டவாளம் 2019-ல் ஒப்புதலான எம்.யு.டி.பி. 3ஏ-வில் வருகிறது, அம்பர்நாத்துக்கும் பத்லாப்பூருக்கும் நடுவில் சிக்லோலி என்று புது ஸ்டேஷனும் அதோடு வர வேண்டும். தாராவிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: 1912-ல் கட்டிய சயான் பாலத்தை 2024 ஆகஸ்ட்டில் மூடி இடிக்க ஆரம்பித்ததும் குர்லா-பரேல் ஐந்து, ஆறாவது தண்டவாளத்துக்காகத்தான். அதிலும் ரயில் மேலே வரும் பகுதி ரயில்வேக்கு, இரண்டு பக்கச் சாலை மாநகராட்சிக்கு என்று கோடு போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு அண்ணாச்சி டெபாசிட்டைப் புதுப்பிக்கவில்லை. முதிர்வுத் தொகையில் ஒரு பகுதியைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றச் சொன்னார். லிஃப்ட் மோட்டார் எரிந்து நாலு மாதம் ஆகிறதாம், ஆறாவது மாடியில் ஒரு ஆச்சி நடக்க முடியாமல் கிடக்கிறாராம். முதலில் கை வைத்தால் வட்டி குறையும் என்று என் கடமைக்குச் சொல்லிப் பார்த்தேன். "குறையட்டும் தம்பி" என்று சொல்லி, மூன்று கையெழுத்து போட்ட படிவத்தைக் கவுன்ட்டரில் தள்ளினார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகையில் குர்லா தாண்டியதும் வண்டி வேகம் பிடித்தது. அன்றைக்குத்தான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.