நகர்ப்புற மர மேலாண்மை: முதுநிலைப் படிப்பும் ஆரோவில் மண்ணும்

சாலையோரம், பூங்கா, பள்ளி வளாகம், குடியிருப்பு என மனிதர் நெருங்கி வாழும் இடங்களில் மரத்தைத் தேர்ந்து நடுவது, கவாத்து செய்வது, நோயும் ஆபத்தும் பார்ப்பது, காலம் வந்தால் பத்திரமாக இறக்குவது ஆகிய அனைத்தும் சேர்ந்த துறை நகர்ப்புற மர மேலாண்மை. நகர்ப்புற வனவியல் என்ற பெயர் 1965இல் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வுத் தலைப்பாகப் புழக்கத்துக்கு வந்தது. பேராசிரியர் எரிக் யோர்கென்சன் அதை ஒரு துறையாக வளர்த்தார். அந்நகரப் பகுதியின் மரம் நடும் திட்டங்கள் எங்கே பலித்தன, எங்கே பொய்த்தன என்பதே அந்த ஆய்வின் பொருள்.

அதே கேள்வியைத் தமிழ்நாட்டில் கேட்டுப் பார்க்க ஆரோவிலைப் போல் வாய்ப்பான இடம் அரிது. 1968 பிப்ரவரி 28 அன்று இந்நகர் தொடங்கப்பட்டபோது, புதுச்சேரிக்கு வடக்கே உள்ள இந்தச் செம்மண் மேடு பெரும்பாலும் வெட்டவெளி. மழைநீர் மேல்மண்ணை அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிழித்திருந்தது. வந்தவர்கள் முதலில் செய்தது கரை போடும் வேலை. நிலத்தைச் சுற்றி மண்கரை எழுப்பி, விழும் மழையை விழுந்த இடத்திலேயே ஊற வைத்தார்கள். மரம் அதற்குப் பிறகுதான் பிழைத்தது.

தொடக்கத்தில் பெருமளவில் நட்டவற்றுள் ஒன்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கத்திச் சவுக்கு. கெட்ட மண்ணிலும் வேகமாக வளரும், நிழல் தரும், இலை உதிர்த்து மண்ணை மூடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது அதன் மறுபக்கம் தெரிந்தது. ஆழமில்லாத வேரும் எளிதில் முறியும் கட்டையும் கொண்ட கத்திச் சவுக்குகள் ஏராளமாகச் சாய்ந்தன. மெதுவாக வளரும் உள்ளூர் இனங்கள் அவற்றைவிட நன்றாகத் தாங்கின. முதலில் நட்டது தவறு என்று இதை வாசிப்பது சரியல்ல. வெறும் மண்ணுக்கு உகந்த மரம் ஒன்று, வீடும் பாதையும் வந்தபின் அவற்றின் அருகே நிற்க உகந்த மரம் வேறு.

அந்த உள்ளூர் இனங்களைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. மரக்காணம் உப்பளங்களை நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. காயா, வீரை போன்ற மரங்கள் அடர்ந்த உலர் பசுமைமாறாக் காட்டின் எச்சம் அது. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் ஆய்வாளர்கள் இதில் மரம் மரமாகச் சுற்றளவு எடுத்திருக்கிறார்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் அளவுநாடாவைச் சுற்றி எடுக்கும் அந்த அளவுதான் நகர மரக் கணக்கெடுப்புக்கும் அடிப்படை.

இத்துறையின் வகுப்பறையில் சொல்லித்தரும் பாடங்களுள் மிகவும் அவசரமானது கவாத்து. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து, மரத்தின் காயம் நம் தோலைப் போல ஆறுவதில்லை என்று காட்டினார். அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி மரம் அதை அடைத்துவிடுகிறது. ஆகவே கனமான கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறம் பாதி அறுப்பு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழு அறுப்பு. மிஞ்சிய கட்டையை, கிளை அடியில் புடைத்திருக்கும் கழுத்துக்குச் சேதமில்லாமல் கடைசி அறுப்பு. மின்கம்பிக்காகத் தலையை மொட்டையடிக்கும் நம் ஊர்ப் பழக்கம் இதற்கு நேரெதிர். அழுகல் உள்ளே இறங்கி, சில ஆண்டுகளில் அதே மரம் ஆபத்தாகிறது.

வேர் விஷயத்திலும் இதே போன்ற தவறு நடக்கிறது. தண்டு வரை சிமென்ட் பூசிய மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் இடம் விட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லிக்கு உத்தரவிட்டது.

சட்டமும் திட்டமிடலும் இத்துறைப் படிப்பின் பாதி. ஆரோவிலின் வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் வெட்டப்பட்டபோது எழுந்த வழக்கில், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பாயம் 2022இல் கூறியது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அந்த உத்தரவை ரத்து செய்தது. வளரும் நகரில் சாலைக்கும் காட்டுக்கும் எல்லை வகுக்கக் கற்க, இதைவிட நெருக்கமான பாடம் கிடைக்காது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் நகர்ப்புற வனவியலுக்கென்றே முதுநிலைப் பட்டம் தருகிறது. தமிழ்நாட்டு மாணவருக்கு அருகில் உள்ள வழி, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் எம்.எஸ்சி. வனவியல் அல்லது புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் படிப்பு. களத்துக்கு ஆரோவில் இருக்கிறது. அங்குள்ள பிச்சாண்டிகுளம் காட்டை வளர்த்தவர்கள் பெற்ற அனுபவம், 2011இல் திறக்கப்பட்ட சென்னை அடையாறு தொல்காப்பியப் பூங்காவின் சீரமைப்பில் நேரடியாகப் பயன்பட்டது.