ஏற்காடு முதல் கொல்லிமலை வரை: சேலம், நாமக்கலில் எங்கெல்லாம் மலையேறலாம்? எங்கே அனுமதி கட்டாயம்? முழு விவரம்

சேலம் டவுனில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் ஏதாவது ஒரு மலை கண்ணில் படும். வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை, தெற்கே ஜருகுமலை. நாமக்கல்லிலோ ஊருக்கு நடுவிலேயே ஒரு பாறை மலையும் அதன் தலையில் ஒரு கோட்டையும் இருக்கு. லீவு விட்டால் "மலைதானே, காலையில ஏறிட்டு மதியத்துக்குள்ள வந்துடலாம்" என்று கிளம்புகிறவர்கள் நிறைய பேர்.

ஆனால் எல்லா மலையிலும் நினைத்த நேரத்தில் ஏற முடியாது. சில இடங்களுக்கு ஒரு செருப்பும் ஒரு தண்ணீர் பாட்டிலும் போதும். சில இடங்களில் அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே வழக்கு வரும். எது எந்த ரகம்? பார்ப்போம்.

குரங்கணிக்குப் பிறகு என்ன மாறியது?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போயிருந்த இரண்டு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். சென்னையிலிருந்தும் ஈரோடு பக்கமிருந்தும் போனவர்கள் அவர்கள். 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

காய்ந்த புல், சரிவான நிலம், காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் தீ மேல்நோக்கித்தான் வேகமாகப் பரவும். கீழே எரியும் தீ, மேலே இருக்கிற சருகையும் புல்லையும் முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது. அதனால் தீயைப் பார்த்ததும் மலை உச்சியைப் பார்த்து ஓடுவது ரொம்ப ஆபத்து.

அந்த விபத்துக்குப் பிறகு, 2018லேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கெனத் தனி விதிமுறைகளைக் கொண்டு வந்தது. வனப்பகுதியில் மலையேற்றம் போக வனத்துறை அனுமதி கட்டாயம் ஆனது. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைனில் முன்பதிவு, கூடவே வரும் வழிகாட்டி என்பதுதான் ஏற்பாடு. அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்களே வழிகாட்டிகள். சேலம் மாவட்டப் பாதைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. காட்டுத்தீ சீசனில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை, பாதைகள் மூடப்படுவது வழக்கம். கிளம்பும் முன் முன்பதிவுத் தளத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

அனுமதி இல்லாமல் எங்கே போகலாம்?

1. மூக்கனேரி, சேலம்: மலையேறிப் பழக்கமே இல்லாதவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். கன்னங்குறிச்சி பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் ஏரி இது. மலையில் பெய்கிற மழைதான் இதற்கு நீர். ஒரு காலத்தில் பாழாகிக் கிடந்த ஏரியை ஊர் மக்கள் சேர்ந்து தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் அமைத்து மரம் நட்டனர். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் கூடு கட்டுகின்றன. காலை 6 மணிக்குக் கரையில் நடந்தால் மலையும் தண்ணீரும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

2. நாமக்கல் கோட்டை: ஒரே பாறையால் ஆன மலை. உயரம் சுமார் 200 அடி. பாறையில் வெட்டிய படிகள் வழியாக ஏறலாம். குழந்தைகளுக்கும் ஈஸிதான். அடிவாரத்தில் நரசிம்மர், ரங்கநாதர் குடைவரைக் கோயில்களும் கமலாலயக் குளமும் இருக்கின்றன. வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். காலை அல்லது மாலைதான் சரியான நேரம்.

3. திருச்செங்கோடு: அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்கு 1,200க்கும் மேற்பட்ட படிகள். வழியில் வரும் அறுபதாம்படி, சத்தியம் செய்யும் இடமாகக் கொங்கு நாட்டில் பேர்போனது. இந்தப் படியில் நின்று பொய் சொல்ல யாரும் துணிய மாட்டார்கள் என்பது ஊர் நம்பிக்கை. முட்டி வலி உள்ளவர்கள் வண்டிப் பாதையில் மேலே போய், படி வழியாக இறங்கலாமே என்று யோசிப்பது உண்டு. அது தப்புக் கணக்கு. முட்டிக்கு அதிக பாரம் விழுவது இறங்கும்போதுதான்.

4. சங்ககிரி கோட்டை: சேலத்திலிருந்து சுமார் 35 கி.மீ. தொல்லியல் துறை பாதுகாப்பில் உள்ள கோட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக வரும் வாயில்களைத் தாண்டித் தாண்டி ஏற வேண்டும். மேலே பெருமாள் கோயிலும் உண்டு, தர்காவும் உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை 1805ல் தூக்கிலிடப்பட்டது இந்தக் கோட்டையில்தான். ஆடி 18 அன்று அவருக்கு மரியாதை செலுத்த இங்கே கூட்டம் கூடும். நிதானமாக ஏறி இறங்க அரை நாள் ஒதுக்குங்கள். தண்ணீரைக் கீழேயிருந்தே கொண்டு போக வேண்டும்.

ஏற்காட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ஏரியும் காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பேர் வந்தது என்பார்கள்.

ஏரியில் தொடங்கி கிளியூர் அருவி வரை போவது பலரும் விரும்பும் நடை. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் கிளியூர் அருவியில் விழுகிறது. மழை இல்லாத மாதத்தில் போய்விட்டு "அருவியில தண்ணியே இல்ல" என்று திரும்புகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்தவர்கள். அருவிக்குப் போகும் வழி செங்குத்தான இறக்கம், ஈரமானால் வழுக்கும். சேர்வராயன் கோயில், பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் ஆகிய இடங்களுக்கு ரோட்டோரமாகவே நடந்து போகலாம்.

இங்கே மூன்று விஷயம் முக்கியம். ஒன்று, ரோட்டை விட்டு இறங்கினால் அது பெரும்பாலும் காப்புக்காடு, இல்லையென்றால் தனியார் காபி எஸ்டேட். காப்புக்காட்டுக்கு வனத்துறை அனுமதி, எஸ்டேட்டுக்கு உரிமையாளர் சம்மதம் வேண்டும். இரண்டு, காட்டெருமை. புதரிலிருந்து திடீரென எதிரே வரும். செல்ஃபி எடுக்க நெருங்காமல், சத்தம் போடாமல், முகத்தை அதன் பக்கமே வைத்துப் பின்வாங்க வேண்டும். மூன்று, மண்சரிவு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

கொல்லிமலை: இறங்குவது ஈஸி, ஏறுவது?

நாமக்கல்லின் பெரிய மலை இதுதான். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரி ஆண்ட மண். அறப்பளீஸ்வரர் கோயில் அருகிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு 1,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன.

மற்ற மலைகளில் முதலில் ஏறி, களைத்த பிறகு இறங்குவோம். ஆகாய கங்கையில் எல்லாம் தலைகீழ். உற்சாகமாக இறங்கி, அருவியில் குளித்து, பசியோடு ஈரத்துணியுடன் நிற்கும்போதுதான் 1,000 படி ஏற்றம் காத்திருப்பது தெரியும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் வயதானவர்களும் கோயிலோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம். மற்றவர்கள் பாதித் தண்ணீரையும் ஏதாவது தின்பண்டத்தையும் ஏறும்போதுக்கு என்று மிச்சம் வைக்க வேண்டும். அருவியில் தண்ணீர் கலங்கி நிறம் மாறினால் மேலே மழை பெய்கிறது என்று அர்த்தம். உடனே கரையேறிவிட வேண்டும்.

திருச்சி மாவட்டம் புளியஞ்சோலையிலிருந்து காட்டு வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் பழைய பாதையும் உண்டு. அது வனப்பகுதி. அனுமதியும் வழி தெரிந்த உள்ளூர்க்காரரும் இல்லாமல் போகக் கூடாது.

மலைவாசிகளுக்கு இது ட்ரெக்கிங் இல்லை

ராசிபுரம் அருகே போதமலை இருக்கு. கீழூர், மேலூர், கெடமலை என்ற ஊர்கள் அதன் மேலே. பல தலைமுறையாக அங்கே போக ஒற்றையடிப் பாதைதான். தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலையில் சுமந்து அதிகாரிகள் ஏறிய படங்கள் செய்திகளில் வந்தன. அரிசி மூட்டை, பிரசவ வலி, பாம்புக்கடி என எல்லாமே அந்தப் பாதையில்தான் போய் வந்தன. இப்போதுதான் சாலைப் பணி நடந்து வருகிறது.

அதனால் மலைப்பாதையில் உடைத்துப்போடும் ஒரு பீர் பாட்டில், வெறுங்காலில் ரேஷன் சுமந்து வருகிற ஒருவரின் காலைத்தான் கிழிக்கும். கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வருவது அந்த ஊருக்குக் கொடுக்கும் மரியாதை.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

* தனியாகப் போக வேண்டாம். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லுங்கள்.
* ஒருவருக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர். கூடவே உப்பு, சர்க்கரைக் கரைசல் பொட்டலம்.
* சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அடிவாரத்தில் இருங்கள்.
* சிகரெட், தீப்பெட்டி, பட்டாசு வேண்டாம்.
* தீயைப் பார்த்தால் உச்சிக்கு ஓடாமல், புல் இல்லாத பாறை, நீரோடை அல்லது ஏற்கெனவே எரிந்து அணைந்த இடத்துக்குப் பக்கவாட்டில் நகருங்கள்.
* சிக்னல் பல இடத்தில் இருக்காது. அவசர எண்கள் 108, 112 இரண்டையும் சிக்னல் உள்ள கடைசி இடம் எது என்பதையும் நினைவில் வையுங்கள்.
* மூச்சு வாங்கினால், வழி தவறினால், மேகம் திரண்டால் திரும்பிவிடுங்கள். அடுத்த வாரமும் மலை அங்கேயேதான் இருக்கும்.