கிழக்கு வாசலும் வாசல்களின் வாசலும்

நாகரசம்பட்டியில் காலையில் புறப்பட்டு கிருஷ்ணகிரி, குப்பம், கோலார் தங்கவயல் என்று வடக்கே போனால் உச்சிவேளைக்குள் முல்பாகலைத் தொட்டுவிடலாம். கன்னடத்தில் ‘மூடல பாகிலு’, அதாவது கிழக்கு வாசல் என்பதே மருவி இவ்வூர்ப் பெயராயிற்று என்பர். விஜயநகர அரசர் புக்கரின் மகன் குமார கம்பணர் ஆளுநராக வீற்றிருந்தது இங்கேதான். காக்கசஸ் மலைக்கும் காஸ்பியன் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்துண்டில் தெர்பெந்து என்றோர் ஊர் உண்டு. அதற்கு அரேபியர் இட்ட பெயர் ‘பாப் அல்-அப்வாப்’, வாசல்களின் வாசல். கசார்களிடமிருந்து அதைப் பிடித்து, 24,000 சிரியப் படைவீரர்களைக் குடியமர்த்தியவர் உமையா இளவரசர் மஸ்லமா இப்னு அப்துல் மலிக். ஒருவர் எட்டாம் நூற்றாண்டு, மற்றவர் பதினான்காம் நூற்றாண்டு. இருவரையும் அருகருகே நிறுத்தத் தூண்டியது இந்த வாசல் பொருத்தம்தான். ஆனால் நிறுத்திப் பார்த்தால் பொருத்தம் பெயரோடு முடிவதில்லை.

அரசன் மகனை ஏன் எல்லைக்கு அனுப்புகிறான்? எல்லையில் படை பெரிது, வருவாயும் பெரிது. அந்நியனை நம்பி ஒப்படைக்க முடியாது. அதே காரணத்தால் மகனையும் முழுக்க நம்ப முடியாது. இந்த இக்கட்டுக்கு உமையாக்களிடம் ஆயத்தமாக ஒரு விடை இருந்தது. மஸ்லமாவின் தாய் அடிமைப் பெண். அடிமைத் தாய்க்குப் பிறந்தவன் கலீபா ஆகக்கூடாது என்பது அக்குலத்தின் அன்றைய வழக்கம். ஆகவே வலீது, சுலைமான், யசீது, ஹிஷாம் என்று சகோதரர் நால்வர் கலீபாக்களானபோதும் மஸ்லமா அவர்களுடைய தளபதியாகவும் ஆளுநராகவுமே இருந்தார். அரியணைக்கு உரிமையில்லை என்பதே அவரை நம்புவதற்குரிய காரணமாயிற்று.

கம்பணருக்குப் பிறப்பால் எந்தத் தடையும் இல்லை. அவரைத் தடுத்தது காலம். 1374இல் அவர் இறந்தபோது தந்தை புக்கர் உயிரோடு இருந்தார். மூன்றாண்டுகள் கழித்து அரியணை ஏறியவர் சகோதரர் இரண்டாம் ஹரிஹரர். மஸ்லமாவின் கதையிலும் காலம் ஒருமுறை குறும்பு செய்தது. 738இல் அவர் மறைந்தார். ஆறே ஆண்டுகளில், 744இல், அடிமைத் தாயின் மகனான மூன்றாம் யசீது கலீபாவானார். ஒருவர் வழக்கம் தளரும்வரை வாழவில்லை, மற்றவர் முறை வரும்வரை வாழவில்லை.

இனிப் போர்க்களம். இருவர் பெயரோடும் ஒரு பெருநகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மஸ்லமாவுக்குக் கான்ஸ்டாண்டிநோபிள், கம்பணருக்கு மதுரை. 717 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த முற்றுகை பனியிலும் பசியிலும் கிரேக்க நெருப்பிலும் கரைந்து, புதிய கலீபா இரண்டாம் உமரின் ஆணையோடு முடிந்தது. 1371ஐ ஒட்டி மதுரைச் சுல்தான்கள்மீது நடந்த படையெடுப்பு வெற்றியில் முடிந்தது. ஒன்று தோல்வி, ஒன்று வெற்றி என்று கணக்கை மூடிவிடலாம் போலத் தோன்றுகிறது.

சற்றுப் பொறுக்க வேண்டும். மதுரைச் சுல்தான்களின் நாணயங்கள் 1371உடன் நின்றுவிடவில்லை. சிக்கந்தர் ஷாவின் நாணயம் 1377–78 வரை வருகிறது. கம்பணர் இறந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகும் யாரோ மதுரைச் சுல்தான் என்று காசு அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம், பத்தாம் நூற்றாண்டுப் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் நூலில், மஸ்லமா கேட்டுக்கொண்டதால் தம் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்குள் ஒரு பள்ளிவாசல் எழுந்ததாக எழுதிவைத்திருக்கிறார். வெற்றி நாம் நினைத்த அளவு முழுமையானதல்ல, தோல்வியும் அப்படித்தான். நகரங்கள் ஒரே நாளில் கைமாறுவது காவியங்களில் மட்டுமே.

காவியம் என்றதும் வேற்றுமை ஒன்று எழுகிறது. கம்பணரின் வெற்றியைப் பாடியவர் அவர் மனைவி கங்காதேவி. அவருடைய மதுராவிஜயம் என்ற வடமொழிக் காவியத்தின் சிதைந்த ஏடு 1916இல் திருவனந்தபுரத்தில் கிடைத்தது. அதில் கம்பணர் குறையற்ற நாயகர். மஸ்லமாவை நமக்குக் காட்டுபவர்களோ வரலாற்றுத் தொகுப்பாளர்கள். அவர்கள் வீரத்தைச் சொல்வார்கள். வெளிறிய மஞ்சள் நிறத்துக்காக அவருக்கு ‘மஞ்சள் வெட்டுக்கிளி’ என்ற பட்டப்பெயர் இருந்ததையும் சொல்வார்கள். மனைவி எழுதியதில் ஒளி அதிகம். ஊரார் எழுதியதில் முகம் தெளிவு.

அந்தத் தெளிவுக்கு ஒரு காட்சி போதும். 720இல் ஈராக்கின் கிளர்ச்சியை அடக்கிய மஸ்லமாவுக்கே அம்மாகாணம் கிடைத்தது. ஆனால் வரிப்பணத்தின் மிச்சம் தலைநகருக்குப் போய்ச் சேரவில்லை. அண்ணனிடம் கணக்குக் கேட்கக் கலீபா யசீதுக்குக் கூச்சம். பதிலாளை அமர்த்திவிட்டு வந்து பார்த்துப் போகும்படி கடிதம் எழுதினார். வழியில் மஸ்லமா, அஞ்சல் குதிரைகளில் எதிரே விரைந்து வந்த உமர் இப்னு ஹுபைராவைக் கண்டார். கிளர்ச்சிக்காரரின் சொத்தைக் கைப்பற்றப் போவதாக அவர் சொல்லிக் கடந்தார். உண்மையில் அவரே புதிய ஆளுநர். பதவி போனதை நடுவழியில் அறிந்துகொண்ட அண்ணனின் முகம் எப்படியிருந்திருக்கும்!

கம்பணர் பக்கம் இத்தகைய சங்கடம் எதுவும் பதிவாகவில்லை. அங்கே நாம் காண்பது வேறொரு படிமுறை. அரசருக்குக் கீழே மகன், மகனுக்குக் கீழே அவருடைய அதிகாரிகள். 1371இல் திருவரங்கத்துப் பெருமாளைச் செஞ்சியிலிருந்து மீட்டுக்கொண்டுவந்து எழுந்தருளச் செய்தவர் அவருடைய அதிகாரி கோபணர். மஸ்லமா எல்லாவற்றிலும் தாமே முன்நிற்கிறார். கம்பணரின் கை பெரும்பாலும் பிறர் கைகளின் வழியே நீள்கிறது.

எதிர்பாராத உறவு வெளிப்படுவது மண்ணில்தான். யூப்ரடீஸ் கரையில் பாலிஸ் என்றோர் ஊர். அவ்வூராரும் சுற்றுக் கிராமத்தாரும் மஸ்லமாவிடம் வந்தார்கள். ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தந்தால், அரசுக்குரிய பத்தில் ஒரு பங்கு போக விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார்கள். அவர் வெட்டினார்; அவர்கள் சொன்னபடி அளந்தார்கள்; ஊர் மதிலையும் அவர் செப்பனிட்டுக் கொடுத்தார். கால்வாய் அவர் பெயரையே பெற்றது. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரூர் ஏரிப் பாசனத்து உழவர்களிடம் இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. மேல்வாரம், குடிவாரம் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள்.

காஞ்சியில் கம்பணர் காலத்து ஆவணம் ஒன்று கல்லில் இருக்கிறது. பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயில் குலோத்துங்க சோழர் காலத்தில் மூடப்பட்டு, அதன் நிலம் வேறொரு கோயிலுக்கு மாறியிருந்தது. சக ஆண்டு 1286இல், அதாவது 1364–65இல், கம்பணரின் அமைச்சர் கொப்பணங்கள் அந்நிலத்தைத் திருப்பியளித்து வழிபாட்டைத் தொடங்கிவைக்க ஆணையிட்டார். போருக்குப் போகும் இளவரசனின் ஆட்சி, பழைய நிலக்கணக்கைப் புரட்டிப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறது. பாலிஸில் புதிய நீர். காஞ்சியில் பழைய நிலம். இரண்டிலும் ஆளுநர் செய்தது ஒன்றே. விளைச்சல் யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தார்.

ஆனால் உரிமையாளர் யார் என்ற கேள்வியில் இருவரும் பிரிகிறார்கள். பாலிஸின் மூன்றில் ஒரு பங்கு மஸ்லமாவின் சொந்த வருவாய், அவர் சந்ததிக்குரியது. காஞ்சி நிலம் தெய்வத்துக்குரியது; கம்பணர் வெறும் வழங்குநர். 750இல் அப்பாசியர் உமையாக்களை வீழ்த்தியபோது மஸ்லமாவின் நிலங்கள் அவர் வழியினரிடமிருந்து பறிபோயின. கம்பணரின் வழியினரும் அரியணை ஏறவில்லை. ஆயினும் தெய்வத்தின் பெயரில் எழுதியதைத் தமக்கென எடுத்துக்கொள்ளப் பின்வந்தோர் தயங்குவார்கள்.

1970களில் யூப்ரடீஸின் குறுக்கே எழுந்த அணையின் நீர்த்தேக்கம் பாலிஸின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. நீரைக் கொண்டுவந்து பெயர் பெற்றவரின் ஊர் நீருக்குள் போனது. கம்பணர் காலத்து ஆணை காஞ்சியின் கல்லில் வெயிலும் மழையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அங்கே போகிறவர்கள் பல்லவச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அந்த எழுத்துகளுக்காக இரண்டு நிமிடம் நிற்கலாம்.